பட்டியலில் இல்லாத பெயர்

(பெரிய நிறுவனங்கள் பேரிடருக்குத் தயாராவதும் மீள்வதும் குறித்து, கோவையில் சிறு, நடுத்தரத் தொழில்முனைவோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பெரிய நிறுவனங்கள் பேரிடருக்கு எப்படித் தயாராகின்றன, அடிபட்ட பிறகு எப்படி எழுந்து நிற்கின்றன என்று பேசச் சொல்லியிருந்தீர்கள். தலைப்பைக் கேட்டதும், ‘அது பெரிய கம்பெனிக்காரர்கள் விஷயம், நமக்கு என்ன?’ என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் உங்களில் பலர் பெரிய கம்பெனிகளுக்கு வார்ப்படமும் கியரும் பம்ப் பாகமும் செய்து கொடுப்பவர்கள். அவர்கள் ஆலையில் வெள்ளம் புகுந்தால் உங்கள் ஆர்டர் நிற்கும். உங்கள் பட்டறையில் தீப்பிடித்தால் அவர்கள் லைன் நிற்கும். பெரியவர், சின்னவர் என்ற பேச்செல்லாம் நல்ல நாளில்தான். கெட்ட நாளில் எல்லாரும் ஒரே படகில் இருப்பவர்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆலைப் பராமரிப்பில் இருந்தவன் நான். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆபத்து வரும் நாளில் ஒரு நிறுவனம் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. சாதாரண நாளில் எப்படிப் பழகியதோ அப்படித்தான் அன்றும் நடந்துகொள்ளும். யாரோடு பழகியது, எதைக் கையால் செய்து பார்த்தது, யார் பேச்சுக்குக் காது கொடுத்தது, இவைதான் அதைக் காப்பாற்றும், அல்லது கைவிடும். என் சொந்த அனுபவம் ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன வால்வின் கதை.

1997, பிப்ரவரி 1, சனிக்கிழமை. ஜப்பானில் கரியா என்ற ஊர். விடியற்காலை நாலேகால் மணி அளவில் ஐசின் செய்கி என்ற நிறுவனத்தின் ஆலையில் தீப்பிடித்தது. விடிந்து பார்த்தபோது 500-க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் கருகிக் கிடந்தன. எல்லாம் ஒரே வேலைக்கென்று தனியாக வடிவமைத்தவை. கடையில் போய் வாங்க முடியாதவை.

அங்கே தயாரானது பி-வால்வு என்று சொல்லப்படும் பிரேக் பாகம். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஓடுகிற காரில் சட்டென்று பிரேக்கை மிதித்தால் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. அந்த நேரத்தில் முன்னும் பின்னும் ஒரே அழுத்தத்தில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிச் சுழன்றுவிடும். பின்பக்கம் போகும் எண்ணெய் அழுத்தத்தை அளவோடு குறைத்து அனுப்புவதுதான் இந்த வால்வின் வேலை. விலை ஏறக்குறைய ஆயிரம் யென். அன்றைய நம் பணத்தில் சில நூறு ரூபாய். டொயோட்டா பயன்படுத்திய பி-வால்வுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அந்த ஒரே ஆலையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

டொயோட்டாவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு மட்டும் வரவேண்டும். கிடங்கில் சரக்கைக் குவித்து வைப்பது வீண் செலவு. உலகமே அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே வால்வு கையிருப்பு மணிக்கணக்கில் எண்ணும் அளவுதான். நாலைந்து நாளில் ஜப்பானில் டொயோட்டாவின் லைன்கள் ஏறத்தாழ எல்லாமே நின்றுவிட்டன. சில நூறு ரூபாய்ப் பொருள் ஒன்று இல்லாமல், உலகத்தின் மிகத் திறமையான கார் ஆலைகள் பூட்டிக் கிடந்தன.

அதன் பிறகு நடந்ததுதான் நாம் பாடமாகப் படிக்கவேண்டியது. தீ எரிந்துகொண்டிருக்கும்போதே ஐசினில் அவசரக் குழு உட்கார்ந்துவிட்டது. நூற்றுக்கணக்கில் புதிய தொலைபேசிகள் வந்து இறங்கின. தூங்குவதற்குப் பைகள் வந்தன. வால்வின் வரைபடங்களைத் தங்களுக்குத் தெரிந்த எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்பினார்கள். வால்வு என்றால் ஒரு வகை இல்லை, நூறு வகை. எந்த வகையை யார் செய்வது என்று பேசிப் பிரித்துக்கொண்டார்கள். 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நேரடியாக வால்வு செய்ய இறங்கின. கருவி செய்தவர்கள், உதிரி கொடுத்தவர்கள், இயந்திரம் கொடுத்தவர்கள் என்று எல்லாரையும் சேர்த்தால் 200 வரும். அதில் தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் இருந்தது. கார் பாகமே செய்து பழகாத அவர்கள், ஒரு மில்லிங் இயந்திரத்தை நாள்கணக்கில் மாற்றி அமைத்து, ஒரு நாளைக்குச் சில டஜன் வால்வுகளைச் செய்து கொடுத்தார்கள்.

தனிவகை இயந்திரம் எரிந்துபோய்விட்டது. எல்லாரிடமும் இருந்தது பொதுவான இயந்திரம்தான். ஐசினில் சில வினாடிகளில் முடிகிற துளையை இங்கே நிறுத்தி, திருப்பி, அளந்து, மறுபடி போடவேண்டும். இந்த அரங்கில் லேத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும். தீப்பிடித்துச் சுமார் 85 மணி நேரத்தில் வண்டியில் பொருத்தத் தகுந்த முதல் வால்வுகள் வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டுவந்தது கியோரிட்சு சாங்கியோ என்ற, வெளியே அதிகம் பெயர் தெரியாத ஒரு நிறுவனம். அடுத்த சில நாளில் லைன்கள் ஓடத் தொடங்கின. டொயோட்டாவுக்கு ஏறத்தாழ 70,000 கார்களின் உற்பத்தி தள்ளிப்போனது. பெரிய அடிதான். ஆனால் மாதக்கணக்கில் படுத்திருக்கவேண்டியவர்கள் ஒரே வாரத்தில் எழுந்துவிட்டார்கள்.

இதில் என் மனசைத் தொட்ட விஷயம் ஒன்று உண்டு. அந்த வாரத்தில் யாரும் விலை பேசவில்லை. ‘ஒரு வால்வுக்கு எவ்வளவு தருவீர்கள்? இயந்திரத்தை மாற்றிய கூலி யார் கணக்கு?’ என்று கேட்டு ஒருவரும் காத்திருக்கவில்லை. ஐசினும் தன் வரைபடத்தை மறைத்து வைக்கவில்லை. பிறகு ஐசின் செலவுகளை ஈடுகட்டியது. டொயோட்டாவும் முதல்நிலை சப்ளையர்களுக்கு அந்தக் காலாண்டில் தனக்கு அவர்கள் விற்ற மதிப்பில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுத்தது.

அந்த ஒரு வாரத்தில் முளைத்த நம்பிக்கையா இது? டொயோட்டாவுக்குச் சரக்குக் கொடுப்பவர்கள் 1943-லிருந்து கியோஹோகாய் என்ற சங்கமாகக் கூடிவருகிறவர்கள். ஒருவர் ஆலைக்கு மற்றவர் போய் நின்று பார்ப்பார்கள், குறை சொல்வார்கள், திருத்தச் சொல்லிக் கொடுப்பார்கள். வரைபடத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி புரியும். தொலைபேசியை எடுத்தால் மறுபக்கம் யார் பேசுகிறார் என்று தெரியும். ஐம்பது வருடப் பழக்கம் அந்த ஐந்து நாளில் வேலை செய்தது.

அடுத்தது, ஒரே அடியை வாங்கிய இரண்டு நிறுவனங்களின் கதை.

2000, மார்ச் 17. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரம். பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலை. மின்னல் தாக்கியதில் மின்சாரம் ஏறி இறங்கி, உள்ளே சின்னதாகத் தீப்பிடித்தது. பத்தே நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் சிப் செய்யும் அறை மருத்துவமனையின் ஆபரேஷன் அறையைவிடச் சுத்தமாக இருக்கவேண்டிய இடம். புகையும் தண்ணீரும் மிதித்த காலடிகளும் சேர்ந்து அந்தச் சுத்தத்தைக் கெடுத்துவிட்டன. பாதி செய்த லட்சக்கணக்கான சிப்புகள் வீணாயின.

அந்தச் சிப்புகளை வாங்கிக்கொண்டிருந்த முக்கியமான இருவர் பின்லாந்தின் நோக்கியாவும் சுவீடனின் எரிக்சனும். நோக்கியா என்றால் நமக்கு அந்நியம் இல்லை. பின்னாளில் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்த அதே நோக்கியாதான். இருவருக்கும் பிலிப்ஸ் சொன்ன செய்தி ஒன்றே: ‘சின்ன விபத்து, ஒரு வாரம் தாமதமாகும்.’

எரிக்சனில் அந்தச் செய்தி மேலே போய்ச் சேரப் பல நாள் பிடித்தது. நோக்கியாவில் அப்படி இல்லை. சின்னத் தாமதமானாலும் மேலே சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். சொன்னவனைத் திட்டுவதும் கிடையாது. அந்தச் சிப்பைத் தனிக் கவனிப்பில் வைத்துத் தினமும் விசாரித்தார்கள். ஒரு வாரம் என்றது பல வாரமாகும் என்று தெரிந்ததும், பிலிப்ஸின் மற்ற ஆலைகளில் இடம் கேட்டு வாங்கினார்கள். வேறு ஆலையில் செய்யும்படி சில சிப்புகளின் வடிவமைப்பையே மாற்றினார்கள். எரிக்சன் விழித்துக்கொண்டு தேடியபோது உபரி இடமெல்லாம் போய்விட்டிருந்தது. செலவைக் குறைக்க, மாற்று சப்ளையரை அவர்கள் முன்பே கைவிட்டிருந்தார்கள். அந்த ஒரு தீயால் எரிக்சன் இழந்த விற்பனை சுமார் 40 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அடுத்த வருடமே அது தன் கைப்பேசித் தொழிலைச் சோனியோடு சேர்த்துக்கொண்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்தத் தீயும் அதில் ஒன்று.

நண்பர்களே, இருவர் மீதும் விழுந்தது ஒரே மின்னல்தான். உங்கள் பட்டறையில் மோட்டார் வழக்கமில்லாத ஒரு சத்தம் போடுகிறது. அதைக் கேட்கிற பையன் உங்களிடம் வந்து சொல்வானா, திட்டு விழும் என்று பேசாமல் இருந்துவிடுவானா? கெட்ட செய்தி உங்களிடம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது? பேரிடர்த் தயாரிப்பு என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

‘இரண்டு சப்ளையர் வைத்துக்கொண்டால் போதுமே’ என்று நீங்கள் சொல்லலாம். டொயோட்டாவும் அப்படித்தான் நினைத்தது. 2011, மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானில் நிலநடுக்கமும் கடல் பேரலையும் வந்தன. அப்போதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. நேரே சரக்குக் கொடுப்பவர் இருவர் என்றாலும், அவர்களுக்குக் கொடுப்பவர், அவருக்குக் கொடுப்பவர் என்று கீழே போய்ப் பார்த்தால், பல தெருக்காரர்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கார் பெயிண்டில் மினுமினுப்புக்காகச் சேர்க்கும் ஒரு வகைத் துகளை ஜெர்மனியின் மெர்க் நிறுவனம் உலகத்திலேயே ஒரே ஓர் ஆலையில் செய்துவந்தது. அது புகுஷிமா மாநிலத்தின் ஒனஹாமாவில் இருந்தது. அந்த ஆலை நின்றதும், அமெரிக்காவில் போர்டு நிறுவனம் சில கறுப்பு, சிவப்பு நிறங்களில் கார் ஆர்டர் வாங்குவதையே நிறுத்திவைத்தது.

வண்டிகளுக்கான சிப் செய்யும் ரெனிசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையும் அன்று சேதமடைந்தது. அங்கேயும் வால்வின் கதைதான் திரும்ப நடந்தது. கார் கம்பெனிகளும் மற்ற வாடிக்கையாளர்களும் ஆட்களை அனுப்பினார்கள். உச்சத்தில் ஒரு நாளைக்கு 2,500 பேர் வரை, தங்கள் ஆலை இல்லை என்றாலும், தங்கள் ஆலை போலவே வேலை செய்தார்கள். ஜூலையில் திறக்கலாம் என்றிருந்த ஆலை ஜூன் 1-ஆம் தேதியே உற்பத்தியைத் தொடங்கியது.

இதற்குப் பிறகு டொயோட்டா இரண்டு காரியம் செய்தது. எந்தப் பாகம் எந்த ஊரில், யார் கையில், எத்தனை படி கீழே தயாராகிறது என்று ஒரு தகவல் தொகுப்பு உண்டாக்கியது. சட்டென்று மாற்று கிடைக்காத சிப் போன்றவற்றை மட்டும் சில மாதத்துக்குக் கையிருப்பு வைக்கும்படி சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டது. எல்லாவற்றையும் குவித்து வைக்கவில்லை. எது இல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடுமோ அதை மட்டும் சேர்த்து வைத்தது. 2021-ல் உலகமெங்கும் சிப் பஞ்சம் வந்தபோது போட்டிக் கம்பெனிகள் முதலிலேயே லைனை நிறுத்தின. டொயோட்டா அவர்களைவிடப் பல மாதம் கூடுதலாகத் தாங்கியது. கடைசியில் அதுவும் உற்பத்தியைக் குறைக்கத்தான் வேண்டியிருந்தது. எந்தத் தயாரிப்பும் முழுக் கவசம் ஆகாது. ஆனால் மூச்சு வாங்க நேரம் கொடுக்கும்.

இதுவரை தீயும் நீரும் நிலநடுக்கமும் பேசினோம். இந்தக் காலத்து ஆபத்துக்குப் புகை கிடையாது, சத்தமும் கிடையாது.

2017, ஜூன் 27. டென்மார்க்கின் மெர்ஸ்க், அன்று உலகத்தின் மிகப் பெரிய கண்டெய்னர் கப்பல் நிறுவனம். உக்ரைனில் வரிக்கணக்குப் போடப் பயன்படும் ஒரு மென்பொருள் வழியே நாட்பெட்யா என்ற நாசநிரல் உள்ளே நுழைந்தது. திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, எந்த லாரியை உள்ளே விடலாம் என்று தெரியாமல் துறைமுக வாசல்களில் லாரிகள் வரிசை கட்டின. நம் நவி மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையமும் தடுமாறியது.

யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்று தீர்மானிக்கும் மையக் கணினிகள் மெர்ஸ்க்கிடம் சுமார் 150 இருந்தன. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று எல்லாவற்றிலும் ஒரே தகவலை வைத்திருந்தார்கள். ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருந்ததால், அழிவும் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பரவிவிட்டது. ஒரே ஒரு கணினி மட்டும் மிஞ்சியது. மேற்கு ஆப்பிரிக்காவில், கானா அலுவலகத்தில். அன்று அங்கே கரண்ட் கட். அதனால் அந்தக் கணினி இணைப்பில் இல்லாமல் தப்பித்தது.

அதிலிருந்த தகவலை இங்கிலாந்துக்கு அனுப்ப இணைய வேகம் போதவில்லை. ஹார்டு டிஸ்க்கைக் கையில் எடுத்துப் போகலாம் என்றால், கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. கானாவிலிருந்து ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்தார். அங்கே விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் அதைக் கைமாற்றினார். அவர் அதை லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கோடி கோடியாகப் பணம் புரளும் ஒரு நிறுவனத்தின் உயிர் ஒரு கைப்பையில் பயணம் செய்தது.

பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக அமைத்தார்கள் என்று அதன் தலைவர் ஜிம் ஹாகமான் ஸ்னாபே அடுத்த ஆண்டு டாவோஸ் மாநாட்டில் சொன்னார். அந்தப் பத்து நாளும் ஊழியர்கள் காகிதத்திலும் சொந்த வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் எடுத்து, வழக்கமான சரக்கில் ஐந்தில் நான்கு பங்கை நகர்த்தினார்கள். இழப்பு 25 முதல் 30 கோடி டாலர். இதில் நமக்குப் பாடம், நகல் எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்பதைவிட, அதில் ஒன்றாவது எல்லாவற்றிலிருந்தும் பிரிந்து தனியாக இருக்கிறதா என்பதுதான். உங்கள் ஆபீஸில் டேலி கணக்கை வாரம் ஒருமுறை தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, இணைப்பைப் பிடுங்கி, வீட்டு பீரோவில் வைக்கிறீர்களா? செலவு சில ஆயிரம் ரூபாய். கரண்ட் கட்டை நம்பி இருக்கவேண்டாம்.

மாற்று இருந்தாலும், அதற்கு மாறத் துணியாவிட்டால் பயன் இல்லை. 2021, பிப்ரவரி 24 அன்று மும்பையில் தேசியப் பங்குச் சந்தை காலை 11:40-க்கு நின்றது. மாலை 3:45-க்குத்தான் மறுபடி ஓடியது. அதன் மாற்று மையம் நம் சென்னையில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அன்று அதற்கு மாறவில்லை. அதன் பிறகு, பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி விதியை இறுக்கியது: முக்கிய அமைப்பு நின்றால் அரைமணி நேரத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்கவேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து ஓடவேண்டும். 2024, மார்ச் 2, ஒரு சனிக்கிழமையில் சந்தையைத் திறந்து, முதல் பகுதியை வழக்கமான மையத்திலிருந்தும் இரண்டாவது பகுதியை மாற்று மையத்திலிருந்தும் நிஜப் பணத்தோடு நடத்திப் பார்த்தார்கள். ஒத்திகை என்றால் அப்படி இருக்கவேண்டும். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை சும்மா ஓட விட்டு நிறுத்துவது ஒத்திகை ஆகாது. மெயின் லைனை அணைத்து, முழு லோடையும் அதன்மேல் ஏற்றிப் பாருங்கள். அப்போதுதான் தெரியும்.

ஒத்திகை என்றதும் ஒரு மனிதரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரிக் ரெஸ்கோர்லா. இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் இருந்த ஒரு நிதி நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர். அந்த நிறுவனம் 1997-ல் மார்கன் ஸ்டான்லியோடு இணைந்தது. அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் லாரியில் குண்டு வைக்க முடியும் என்று 1990-லேயே எச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1993-ல் அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரையும் படிக்கட்டில் இறக்கிப் பழக்கினார். கோடிக்கணக்கில் வியாபாரம் பேசிக்கொண்டிருந்த உயர் அதிகாரியும் தொலைபேசியை வைத்துவிட்டு இறங்கவேண்டும். பலருக்கு எரிச்சல். அவர் விடவில்லை.

2001, செப்டம்பர் 11 காலை. முதல் விமானம் பக்கத்துக் கோபுரத்தில் மோதியது. தெற்குக் கோபுரத்தில் இருந்தவர்களை, இருந்த இடத்திலேயே இருக்கும்படி ஒலிபெருக்கி சொன்னது. ரெஸ்கோர்லா அதைக் கேட்கவில்லை. கையில் ஒலிபெருக்கியோடு, இருவர் இருவராக இறங்கச் சொன்னார். பயம் தெரியாமல் இருக்கப் பாட்டும் பாடினார். அவர் நிறுவனத்தின் சுமார் 2,700 பேரில் ஏறத்தாழ எல்லாரும் உயிரோடு வெளியே வந்தார்கள். மிஞ்சியவர்களைத் தேடி அவர் மறுபடி மேலே ஏறினார். திரும்பவில்லை.

கட்டடம் போய்விட்டது. ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் அந்த நிறுவனம் மறுபடி வேலை தொடங்க முடிந்தது. இயந்திரத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. இருபது வருடம் கைவந்த வேலைக்காரருக்கு எந்தக் கம்பெனி பாலிசி ஈடாகும்?

ஆட்களைப் பற்றிப் பேசும்போது நம் சென்னையை நினைக்காமல் இருக்க முடியாது. 2015, டிசம்பர் 2. 1878-லிருந்து வெளிவரும் ‘தி ஹிந்து’ நாளிதழ் அன்று சென்னையில் அச்சாகவில்லை. பெருவெள்ளத்தில் ஊழியர்களால் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. வெள்ளம் வரும்போது அது நம் ஆலையை மட்டும் தேடி வருவதில்லை. நம் ஆட்களின் வீட்டுக்கும் போகிறது. அம்மாவை மொட்டைமாடியில் உட்கார வைத்துவிட்டு எவன் ஷிப்டுக்கு வருவான்?

2005-ல் அமெரிக்காவில் கத்ரினா புயல் அடித்தபோது வால்மார்ட் நிறுவனத்தின் 126 கடைகள் மூடப்பட்டன. அதன் தலைவர் லீ ஸ்காட் கடைசிக் கடை வரை சொல்லி அனுப்பிய செய்தியின் சாரம் இதுதான்: உங்கள் பதவிக்கு மீறிய முடிவுகளை எடுக்கவேண்டி வரும். தெரிந்ததை வைத்து முடிவெடுங்கள், எது சரியோ அதைச் செய்யுங்கள். அதனால் கடை மேலாளர்கள் உத்தரவுக்குக் காத்திருக்காமல், தண்ணீரும் உணவும் மருந்தும் ஊர் மக்களுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலான கடைகள் திறந்துவிட்டன.

இப்போது என் கதை.

அதே 2015 டிசம்பர். சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டை. அங்கே ஓர் ஆலையில் பராமரிப்புக்கு நான் பொறுப்பு. எங்களிடம் பேரிடர்த் திட்டம் இருந்தது. பச்சை அட்டை போட்ட தடித்த பைல். ஒவ்வொரு தணிக்கையிலும் பாராட்டு வாங்கும். அது தரைத்தளத்தில், இரும்பு பீரோவில் இருந்தது. ஜெனரேட்டரும் தரைத்தளத்தில்தான். இடுப்பளவு தண்ணீர் வந்தது. பீரோ கதவு ஊறி இறுகிக்கொண்டது. மூன்றாம் நாள் கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகியிருந்தன. தொலைபேசிப் பட்டியல் இருந்த பக்கத்தை மட்டும் பிரித்துக் காயவைத்துப் பார்த்தேன். பதினாலு எண்கள். அதில் ஐந்து பேர் வேலையை விட்டே போய்விட்டவர்கள்.

ஆனால் எங்கள் மெயின் பேனல் எரியவில்லை. தண்ணீர் பேனலைத் தொடுவதற்கு முன்பே மெயின் ஸ்விட்சை யாரோ இறக்கியிருந்தார்கள். யார் என்று விசாரித்தபோது தெரிந்தது. ஆலைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த ஒப்பந்த எலக்ட்ரீஷியன். ராத்திரி பதினொரு மணிக்கு, முழங்காலுக்கு மேல் தண்ணீரில், சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். காவலாளியின் டார்ச் வெளிச்சத்தில் ஸ்விட்சை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனபோது, அவர் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. ‘உங்களுக்கு யாருண்ணே சொன்னது?’ என்று கேட்டேன். ‘சொல்லணுமா சார்? பதினெட்டு வருஷமா நான் போட்டு நிறுத்துற ஸ்விட்ச்தானே’ என்றார்.

அந்தப் பதினாலு பேர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் சேர்க்கவில்லை. இயந்திரங்களைத் துடைத்து, மோட்டார்களை வெயிலில் காயவைத்து, ஓட்டத் தொடங்க இருபது நாள் ஆனது. பேனல் எரிந்திருந்தால் மாதங்கள் ஆகியிருக்கும். நாங்கள் முதலில் செய்த காரியம் அவர் வீட்டைத் துப்புரவு செய்ய ஆள் அனுப்பியது. அடுத்து, பட்டியலைப் புதிதாக எழுதினோம். அந்தப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

ஐசினுக்காக ராத்திரி முழுக்க வால்வு கடைந்தவர்கள், கானாவிலிருந்து ஹார்டு டிஸ்க்கைச் சுமந்தவர், ரெஸ்கோர்லா, எங்கள் எலக்ட்ரீஷியன். இவர்களில் யாரையும் ஆபத்து வந்த அன்று வேலைக்கு எடுக்க முடியாது. வருடக்கணக்கில் மதித்து, பழகி, காது கொடுத்து வைத்திருந்தால்தான் அன்று அவர்கள் இருப்பார்கள்.

ஆகவே இங்கிருந்து போனதும் ஐந்து காரியம் செய்யுங்கள். எது நின்றால் உங்கள் தொழில் ஒரே நாளில் படுத்துவிடும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதற்கு மாற்று எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். கணக்கின் நகல் ஒன்றைத் தனியாக எடுத்து மேல்மாடியில் வையுங்கள். பக்கத்துப் பட்டறைக்காரரைப் போட்டியாளராக மட்டும் பார்க்காமல், ஒருநாள் டீ குடிக்கக் கூப்பிட்டு, ‘என் இடத்தில் தீப்பிடித்தால் உங்கள் லேத்தில் இடம் கொடுப்பீர்களா? உங்களுக்கு நான் கொடுப்பேன்’ என்று பேசி வையுங்கள்.

கடைசியாக, உங்கள் அவசரப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தெரிந்த மனிதரின் பெயர் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக் காலை அவர் வேலைக்கு வந்ததும், உங்கள் கையாலேயே எழுதுங்கள். அவரிடமும் சொல்லுங்கள்.